பூவா, கிழங்கா?

வசந்த காலத்தில் ஐரோப்பாவுக்குப் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், கிழங்கையும் விசாரியுங்கள்!

ஹாலந்தில் நானும் என் சிநேகிதியும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து லிஸ்ஸெ என்ற ஊருக்கு பஸ் ஏறினோம். 1950-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கோய்கன்ஹாஃப் பூந்தோட்டம் அங்கேதான் இருக்கிறது. வருஷந்தோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள். காட்சியோ எட்டே வாரம்!

தோட்டத்துக்கு வெளியே வயல் வயலாக டூலிப் மலர்கள், பட்டு ஜமுக்காளம் விரித்தாற்போல். அவற்றின் நடுவே ஓர் இயந்திரம் ஊர்ந்து, மலர்ந்த பூக்களையெல்லாம் கொய்து தள்ளிக்கொண்டே போயிற்று. "ஐயோ, பாவம்!" என்றாள் சிநேகிதி. பாவமா? விதைக்குப் போகும் சத்து கிழங்கில் சேரட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். வியாபாரமே கிழங்கில்தானே!

அந்தக் கிழங்கு உயிர் காத்த கதையும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, மேற்கு ஹாலந்து நகரங்களில் உணவு அற்றுப்போயிற்று. பட்டினியால் மாண்டவர்கள் சுமார் 20,000 பேர். டூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்று பிழைத்தவர்கள் பலர். 1945 மே 5-ந் தேதி விடுதலை வந்தது.

இன்றும் வருஷந்தோறும் மே 4-ந் தேதி மாலை 8 மணிக்கு, யுத்தத்தில் மாண்டவர்களுக்காக நாடே இரண்டு நிமிஷம் மௌனம் காக்கிறது. நாங்கள் ஆம்ஸ்டர்டாம் வீதியில் இருந்தோம். டிராம்கூட நின்றுவிட்டது. என் சிநேகிதியின் கையில் ஒரு கிழங்குப் பொட்டலம். காலையில் அதற்கு அரைமணி நேரம் பேரம் பேசியவள், இப்போது அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்!