புக்காவ் என்னும் பொய்

ஓட்டோ பிரெமிங்கரின் ‘வேர்ல்பூல்’ (1949) என்று பேச்செடுத்தாலே நண்பர்கள் ஒரே காட்சியைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கிடக்கும் டேவிட் கோர்வோ, கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வசியம் செய்துகொண்டு, வலி தெரியாமல் எழுந்து நடக்கிறான். சரி, அது காதில் பூச்சுற்றல்தான். ஆனால் ‘ஏழாம் அறிவு’ (2011) டோங் லீ கண்ணாலேயே ஊரைச் சண்டைக்கு ஏவியபோது விசிலடித்தவர்கள் இதற்கு மட்டும் லாஜிக் கேட்பது வேடிக்கை.

வலை விரிக்கப்படுவது அந்தக் காட்சியில் இல்லை. ஆன் (ஜீன் டியர்னி) பெரிய கடையொன்றில் சின்ன நகையைத் திருடி மாட்டிக்கொள்கிறாள். கோர்வோ (ஹோசே ஃபெரர்) கடைக்காரர்களிடம் பேசிக் காப்பாற்றுகிறான். மிரட்டப் போகிறான் என்று பயந்து அவள் காசோலை நீட்டினால், அதையும் திருட்டுப் பதிவையும் சேர்த்துக் கிழித்துப்போடுகிறான். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டாள். வசியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! கணவன் பேர்பெற்ற மனநல மருத்துவன். மனைவி தூங்காமல் தவிப்பது அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்ல முடியாததைத் தெரிந்துவைத்திருப்பவன் கோர்வோ ஒருவன்தான்.

கெடாவில் இதற்கு மலாயிலிருந்து எடுத்த ஒரு சொல் வைத்திருக்கிறோம்: புக்காவ். சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் தோட்டப்புறம், எங்கே போனாலும் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த ஓர் அக்கா கதை இருக்கும். “தோள தொட்டான், அப்புறம் ஒன்னும் ஞாபகம் இல்ல.” வீடே தலையாட்டும். கோயிலில் கயிறு கட்டுவார்கள். அவன் என்ன சொன்னான், எதைக் காட்டி ஆசைகாட்டினான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவள் மறைத்த கடனோ, மகனைப் பற்றிய பயமோ வெளியே வரும். புக்காவ் என்றால் ஒருவருக்கும் வெட்கமில்லை. ஏமாற்றியவனின் வசனம் மட்டும் பத்திரமாக அடுத்த வீட்டுக்குப் போகிறது.

மக்காவ் ஸ்கேம்காரனுக்குத் தொடக்கூட வேண்டாம். போலீஸ் என்று போன் செய்கிறான். உன் பெயர் கள்ளப்பண வழக்கில் இருக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்கிறான். அந்தக் கடைசி வரிதான் கோர்வோ. என்னோடு வேலை செய்யும் இஞ்சினியர் ஒருவனும் சேமிப்பை இப்படித்தான் கொடுத்தான். படித்தவனாயிற்றே, புக்காவ் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் எதையுமே சொல்லவில்லை.

2022 அக்டோபரில் அரசாங்கம் 997 என்ற எண்ணைத் திறந்தது. பணம் போன உடனே அழைத்தால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு. புருஷனுக்குப் பயந்து மூன்று நாள் கழித்து அழைக்கிற அக்காவின் பணம் அதற்குள் எத்தனை கணக்கு தாண்டியிருக்கும்?