பஸ் போகும் பாதையும் மளிகைக் கடையும்

வணிக நண்பர்கள் நாலு பேர் கூடினால் ஒரே புலம்பல்தான்: "இலவச பஸ் வந்தது, கிராமத்துக் கடை போச்சு." 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதச் சாமான் சீட்டோடு வீட்டுப் பெண்கள் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கும் போய் வருவது உண்மைதான். ஆனால் கூலி வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பெண்ணுக்கு மிச்சமாகும் காசு நம் ஊர் வீட்டில்தான் இருக்கிறது. அதைக் குறை சொல்வது வியாபாரிக்கு அழகல்ல.

கவனிக்க வேண்டியது வேறு. இந்தச் சலுகை தனியார் டவுன் பஸ்ஸில் கிடையாது. ஆகவே ஒரே அளவு ஜனத்தொகை உள்ள இரண்டு ஊர்களில், அரசு பஸ் போகும் ஊரில் ஒரு வியாபாரம், தனியார் பஸ் மட்டும் போகும் ஊரில் வேறு வியாபாரம். நமது மொத்த வியாபாரிகளோ இரண்டு கடைக்கும் ஒரே அளவு சரக்கை இறக்கி, ஒரே தவணை சொல்கிறார்கள். பிறகு பாக்கி நிற்கிறது என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

சேலத்திலிருந்து 1997-ல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 17,26,601 பேர். பத்தில் ஆறு பேர் கிராமவாசிகள். சேலம் மாவட்டத்தில் 34,82,056 பேர். அதற்குப் பின் எண்ணவே இல்லை. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027-க்கு என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவிப்பு வந்தது. பழைய எண்ணை நம்பிக் கொள்முதல் செய்ய முடியாது. செய்தாலும் முழு உண்மை அதில் இராது. திருச்செங்கோடு பக்கத்து ஊர்களில் ரிக் வண்டியோடும் லாரியோடும் ஆண்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருப்பார்கள். அவர்கள் ஊர் திரும்பும்போதுதான் கடைப் பாக்கி தீரும். நாமக்கல் கோழிப்பண்ணைகளிலோ வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். ஊர் ரேஷன் கார்டுக் கணக்கில் அவர்கள் இல்லை. ஆனால் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கடுகு எண்ணெயும் கேட்டு வருகிறவர்கள் அவர்கள்தான்.

குடும்பமும் சுருங்கிவிட்டது. 2011-லேயே தமிழ்நாட்டில் வீட்டுக்குச் சராசரி நாலு பேர்கூட இல்லை. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லை. மாதச் சாமான் டவுனுக்குப் போய்விட்டது. கிராமத்துக் கடையில் மிச்சம் இருப்பது கால் கிலோ பருப்பு, நூறு எண்ணெய், இட்லி மாவு. இதற்கு ஐம்பது கிலோ மூட்டை எதற்கு? லைன் வண்டியில் ஐந்து கிலோ, பத்து கிலோ கட்டாக அனுப்புங்கள். தவணை குறையட்டும், வண்டி அடிக்கடி போகட்டும். டீசல் செலவு கூடும்தான். முடங்கிக் கிடக்கும் கடனை விட அது குறைவு.

கிராமத்து நண்பர்களுக்கும் ஒன்று. கடைசி பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பார்த்துக் கடை அடையுங்கள். எட்டரைக்கு மில் ஷிப்ட் முடிந்து இறங்குகிறவருக்கு எட்டு மணிக்கு அடைத்த கடையால் பிரயோசனம் இல்லை.

பஸ்ஸே போகாத ஊர்களுக்காகப் புதிய மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் துவங்கியது. ஒரு தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அது மிச்ச வாடிக்கையையும் டவுனுக்கு ஏற்றிப் போய்விடும் என்று சில அன்பர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ் வராத ஊரில் இளம் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு டவுனுக்கே குடிபோகின்றன. அப்புறம் யாருக்கு விற்பது? எந்தக் குக்கிராமத்துக்குத் தடம் வேண்டும், எந்த நேரத்துக்கு வேண்டும் என்று கிளை வாரியாக எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது நாம்தான். அடுத்த செயற்குழுவுக்கு ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தம் ஊர்களின் பட்டியலோடு வரவேண்டும்: எத்தனை வீடு, எந்த பஸ், கடைசி நடை எத்தனை மணிக்கு.