பாலூட்டும் தாயும் சர்க்கரை நோய் மருந்தும்



சர்க்கரை நோயுள்ள பெண் பிள்ளை பெற்றதும் வீட்டில் இருவகைப் பேச்சு எழுவதுண்டு. "மருந்து பாலில் இறங்கும், பிள்ளைக்குத் தாய்ப்பால் வேண்டா" என்பர் சிலர். "பால் கொடுக்கும் வரை மாத்திரையை நிறுத்தி வை" என்பர் வேறு சிலர். இரண்டுமே பாசத்தால் கூறப்படுபவைதாம். எனினும் முன்னது பிள்ளைக்கு இழப்பு. பின்னது தாய்க்கு ஆபத்து. உண்மையில், தக்க மருந்தைத் தேர்ந்துகொண்டால், பெரும்பாலான தாய்மார்கள் பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை.

பிள்ளைக்கு ஈராண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவது பற்றித் திருமறை (2:233) எடுத்துரைப்பதை நாம் அறிவோம். தாய்க்கு நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அப்பேற்றைப் பிள்ளை இழக்க வேண்டுமா? மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது இன்சுலின். 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் கண்டறியப்பட்ட இம்மருந்து ஒரு புரதம். நோயற்ற தாயின் பாலிலும் இயற்கையாகவே இன்சுலின் உண்டு. ஊசியால் ஏற்றிய இன்சுலின் சிறிது பாலில் சேர்ந்தாலும், ஏனைய புரதங்களைப் போலவே குழந்தையின் குடலில் செரித்துவிடும். ஆகவே அச்சமின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மெட்ஃபார்மின் மாத்திரை. இது பாலில் இறங்குவது உண்மையே. ஆயினும், உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டால், தாய் உட்கொள்ளும் அளவில் 100-இல் 1 பங்குக்கும் குறைவாகவே குழந்தையைச் சேர்கிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. பொதுவாக 10 பங்குக்குக் குறைவெனில் மருத்துவர்கள் அதனை ஏற்கத்தக்கதாகக் கருதுவர். குறைமாதக் குழந்தைக்கும், சிறுநீரகக் குறைபாடுள்ள குழந்தைக்கும் மட்டும் தனிக் கவனம் தேவை.

கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு ஆகியவற்றைச் சில தாய்மார்களிடம் ஆராய்ந்தபோது, அவை பாலில் தென்படவில்லை. எனினும் இவற்றை உட்கொள்ளும் தாய், குழந்தையைக் கவனித்து வரவேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு உறங்கினாலோ, உடல் நடுங்கினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் பாலூட்டும் காலத்துக்கு ஏற்றவையல்ல. குழந்தையின் சிறுநீரகம் வளர்ச்சியுறும் பருவம் அது. செமாகுளுட்டைட் மாத்திரையும் தவிர்க்கத்தக்கதே. இங்கொரு எச்சரிக்கை: இக்காலத்தில் ஒரே மாத்திரையில் இரண்டு, மூன்று மருந்துகள் சேர்ந்து வருகின்றன. மெட்ஃபார்மின்தானே என்று எண்ணி விழுங்குவதில் வேறொன்றும் கலந்திருக்கலாம். அட்டையின் பின்புறம் உள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். கருவுறுவதற்கு முன் உட்கொண்ட பழைய மாத்திரையை, பேறுகாலம் முடிந்துவிட்டதென அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருந்தைக் காட்டிலும் தாயின் உணவே பல வேளைகளில் கவலைக்குரியதாகிறது. பிள்ளை பிறந்தவுடன் தாய்க்கு வேண்டிய இன்சுலின் அளவு வெகுவாகக் குறையும். பால் சுரப்பதும் இரத்தச் சர்க்கரையை இறக்கும். இந்நிலையில் பத்தியம் என்று வயிற்றைக் காயப்போட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் மயக்கம் வரும். மறுபுறம், கருப்பட்டி சேர்த்த பிரசவ லேகியம் சர்க்கரையை ஏற்றிவிடும். பாலூட்டுமுன் சிறிது உண்ணுங்கள். இரவில் பாலூட்டும் இடத்தருகே சர்க்கரையும் தண்ணீரும் இருக்கட்டும்.

ரமலானில் நோன்பு வைக்க மனம் விழைவது இயல்பே. ஆனால் நோயாளிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. மருந்தின் அளவை மருத்துவரிடமும், விட்ட நோன்பை நிறைவேற்றும் முறையை ஆலிமிடமும் கேட்டறியுங்கள்.

கருவுற்ற காலத்தில் மட்டும் சர்க்கரை தோன்றியிருந்தால், பெரும்பாலும் பேற்றுடன் மருந்து நின்றுவிடும். ஆயினும் 6 முதல் 12 வாரங்களுக்குள் இரத்தப் பரிசோதனை செய்தல் இன்றியமையாதது. பாலூட்டுவது, அத்தாய்க்குப் பிற்காலத்தில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

மாமியாரே, உம்மாமாரே! நீங்களும் இதை அறிந்திருத்தல் வேண்டும். பிள்ளை பெற்றவளின் மாத்திரையை நிறுத்துவதும் பாலை நிறுத்துவதும் வீட்டுப் பேச்சில் முடிவாகக் கூடாதவை. மருத்துவரிடம் செல்லும்போது, "நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன்" என்பதை அவர் கேட்குமுன் நீங்களே கூறிவிடுங்கள், சகோதரிகளே! அதற்கேற்ற மருந்தை அவர் எழுதித் தருவார்.