இளைக்க விரும்பும் இளைஞர்க்கு யார் துணை?

செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலைக் காணச் செல்வோர், உட்கோட்டையில் உள்ள வேறு இரு கட்டடங்களைப் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுகின்றனர். ஒன்று நெற்களஞ்சியம், மற்றொன்று உடற்பயிற்சிக் கூடம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டை இது. உண்ண நெல் வேண்டும். உண்டதை உரமாக்கப் பயிற்சி வேண்டும். இரண்டையும் ஒரே மதிலுக்குள் வைத்துக் கட்டினர் அக்காலத்தோர். இன்று நம் இல்லங்களில் களஞ்சியம் மட்டுமே எஞ்சியுள்ளது, பயிற்சிக்கூடம் மறைந்துவிட்டது.

இதனை வெறும் உவமை என்று தள்ளிவிட இயலாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 40.4 விழுக்காட்டினரும், ஆண்களுள் 37 விழுக்காட்டினரும் மிகை எடை கொண்டவர்கள். 2015-16இல் நடைபெற்ற நான்காம் ஆய்வில் இவ்வெண்கள் முறையே 30.9, 28.2 என இருந்தன. இடைப்பட்ட சில ஆண்டுகளில் இத்தகைய ஏற்றம்! இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்தது. நாற்பதில் வரும் நோய்க்கு இருபதில் விதை ஊன்றப்படுகிறது. ஆதலின் இது கல்லூரி மலரில் பேசத்தக்க பொருளே ஆகும்.

அளவறிதல்

எடையைக் கிலோகிராமில் கொண்டு, அதனை மீட்டரில் அளந்த உயரத்தின் வருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். உலக அளவில் 25ஐ எட்டினால் மிகை எடை என்பர். இந்தியர்க்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும் இயல்பு மிகுதி. எனவே நம் மருத்துவ அறிஞர்கள் 23ஐயே எல்லையாகக் கொள்கின்றனர். 165 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உடைய ஒரு மாணவரின் எண் 26.4 ஆகும். கண்ணுக்கு அவர் 'நல்ல உடம்புக்காரர்' என்றே தோன்றுவார். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 செ.மீ.யையும் மகளிர்க்கு 80 செ.மீ.யையும் தாண்டுவதும் ஓர் எச்சரிக்கையே.

குறைவது மனவுறுதியா?

பருத்த இளைஞரைக் காணும்போது நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல் ஒன்று உண்டு: "வாயைக் கட்டத் தெரியவில்லை." இக்கூற்று உண்மைதானா என்பதை நம் சமுதாயத்தின் நடைமுறையைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

ரமலான் மாதத்தில் பதினெட்டு வயது மாணவர் ஒருவர் வைகறை முதல் அந்தி வரை உண்ணாமலும் பருகாமலும் இருக்கிறார். வகுப்புக்கு வருகிறார், தேர்வும் எழுதுகிறார். ஒரு நாளன்று, மாதம் முழுவதும்! அதே மாணவர் ஷவ்வால் பிறந்ததும் தேநீர்க்கடையில் மூன்றாவது வடையை மறுக்க இயலாதவராகிவிடுகிறார். முப்பது நாள் இருந்த மனவுறுதி முப்பத்தோராம் நாள் எங்கே போயிற்று?

அது எங்கும் போகவில்லை. ரமலானில் அவருடன் ஊரே நோன்பிருந்தது. ஸஹருக்குத் தாய் எழுப்பினார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காத்திருந்தது. நண்பர்கள் எவரும் கடைக்கு அழைக்கவில்லை. தராவீஹ் தொழுகையில் தோளோடு தோள் சேர்த்து நின்றனர். இறையச்சம் என்னும் வேருக்கு ஊரின் துணை நீராக அமைந்தது. ஷவ்வாலில் அந்த நீர் நின்றுவிடுகிறது. எனவே இளைஞரிடம் குறைவது மனவுறுதி என்பதைவிட, அவரைச் சூழ்ந்தோரின் துணை என்பதே பொருந்தும். இதுவே என் துணிபு.

நோன்பு துறந்தபின் பொரித்த பண்டங்களை அடுக்கி உண்டு, அம்மாதத்திலேயே எடை கூட்டிக் கொள்வாரும் நம்மிடையே உண்டு. பகலில் கற்ற அடக்கத்தை இரவில் இழப்பது நோன்பின் நோக்கத்திற்கு அழகன்று.

இத்துணையின் ஆற்றலைப் பிற சமயத்தாரிடமும் காண்கிறோம். ஒரு கிலோமீட்டர் நடக்கச் சலிப்பவர், முழுநிலவு நாளில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலைவலம் வருகிறார். உடன் வருவோரின் கூட்டமே அவரை நடத்திச் செல்கிறது. செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரை மையமாகக் கொண்ட தமிழ்ச் சமணரிடையே, கதிரவன் மறையுமுன் உணவை முடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக நிலவுகிறது. இல்லத்தார் அனைவரும் விளக்கேற்றுமுன் உண்டு முடித்தால், இளையோர்க்குத் தனி முயற்சி எதற்கு?

ஆய்வுகள் கூறும் சான்று

சென்னைத் திருமங்கலத்தை அடுத்த ஏசியாட் காலனி மக்களிடையே மருத்துவர் வி. மோகன் குழுவினர் ஆய்வு நடத்தி, உடலுழைப்பின் தேவையை எடுத்துரைத்தனர். அம்மக்கள் வாளாவிருக்கவில்லை, தாமே பொருள் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக் கொண்டனர். தொடக்கத்தில் வாரம் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் 14.2 விழுக்காட்டினர், பின்னர் அது 58.7 விழுக்காடாக உயர்ந்தது என்று 2006இல் வெளிவந்த அவர்களது கட்டுரை தெரிவிக்கிறது. அறிவுரை கேட்டவர்கள் நடக்க ஓர் இடத்தையும் உடன் நடக்க அயலாரையும் பெற்றனர். அதனாலேயே அறிவுரை பயன் தந்தது.

மற்றொரு சான்று நம் இளைஞர் கையைவிட்டு நீங்காத கைப்பேசியைப் பற்றியது. நீரிழிவு வரும் நிலையிலிருந்த 537 ஆடவரைத் தென்னிந்தியாவில் தேர்ந்து, மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தனர். அனைவர்க்கும் தொடக்கத்தில் அறிவுரை வழங்கப்பட்டது. ஒரு பகுதியினர்க்கு மட்டும் உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. ஈராண்டு முடிவில், செய்தி பெறாதவருள் 27 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு வந்தது. பெற்றவருள் 18 விழுக்காட்டினர்க்கே வந்தது. 2013இல் வெளியான முடிவு இது. யாரோ ஒருவர் நம்மை நினைத்துக் கொண்டிருக்கிறார் என்னும் உணர்வுக்கு இத்துணை வலிமை!

துணைக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 12,067 பேரை 32 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஒருவருடைய நண்பர் பருமனானால் அவரும் பருமனாகும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுவதாக 2007இல் தெரிவித்தது. சேர்க்கையின் பயனைத் தமிழ் நீதிநூல்கள் ஓயாமல் பேசியதன் காரணம் இப்போது விளங்குகிறது.

கேலி ஊக்கமாகாது

துணை நிற்க வேண்டியவர்களே தூற்றுவோராக இருப்பது நம் பெருங்குறை. 'குண்டு' என்றும் 'யானை' என்றும் பட்டப்பெயர் சூட்டுவதை வகுப்பறையில் நகைச்சுவையாகவும், உறவினர் கூட்டத்தில் அக்கறையாகவும் கருதுகிறோம். கேலிக்கு ஆளான மாணவர் மைதானத்திற்கு வருவாரா? வரமாட்டார், அறைக்குள் ஒடுங்குவார், ஒடுங்கியவர்க்குத் தின்பண்டமே தோழனாகும். ஒருவரை ஒருவர் பரிகசித்தலையும் இழிபெயரிட்டு அழைத்தலையும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் தெளிவாகத் தடுக்கிறது. புறம் பேசுதலை அஞ்சும் நாம், முகத்துக்கு நேரே புண்படுத்துவதை எங்ஙனம் பொறுப்பது?

பெண் பார்க்கும் நாள் நெருங்கியதும், "மூன்று மாதத்தில் இளைத்துவிடு" என மகளைப் பட்டினி போடுவதும் இதனோடு ஒத்த கொடுமையே. பிறர் கண்ணுக்காக இளைப்பது நிலைக்காது. மணம் முடிந்ததும் எடை திரும்பும். உடல் இறைவன் தந்த அமானிதம். அதனைப் பேண வேண்டும் என்பதே நிலைக்கும் நோக்கம். அழகு பற்றிய பேச்சை விடுத்து, மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்காதிருத்தல், இரவில் நன்கு உறங்குதல், பெற்றோர்க்கு வந்த நோய் தமக்கு வாராதிருத்தல் ஆகியவற்றை இளைஞர்க்கு இலக்காக வைப்போம்.

மாணவியர் எங்கே நடப்பது?

அதிகாலையில் ஆண்கள் சாலையோரம் நடக்கலாம். எவரும் ஏனென்று கேளார். மாணவியர்க்கு அந்த உரிமை எங்கே? தனியே நடந்தால் ஊர்ப்பேச்சு; கூட்டமாக நடந்தால் வேடிக்கை. மிகை எடையில் பெண்கள் முந்தி நிற்பதைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. நடக்கும் இடத்திலோ அவர்கள் பின்தங்கி நிற்கின்றனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. முதன்முறை அம்மையார் முந்தினார்கள். பின்னாளில் அவர்களது உடல் சற்றுப் பருத்தபின் ஓடியபோது அண்ணலார் முந்தினார்கள். முன்னைய தோல்விக்கு இது ஈடு என்று புன்னகைத்தார்கள். இதில் ஏளனம் இல்லை. உடன் ஓடும் அன்பு இருக்கிறது. இந்த முன்மாதிரியை ஏற்ற சமுதாயம், தன் பெண்மக்கள் நடக்கப் பாதுகாப்பான ஒரு திடலைத் தர ஏன் தயங்க வேண்டும்?

செய்யத்தக்கவை

"எங்கள் பாட்டனார் துணை தேடியா நடந்தார்?" என்று பெரியவர்கள் வினவலாம். அவர்கள் ஏர்பின் நடந்தனர். கிணற்றில் நீர் இறைத்தனர். சந்தைக்குக் கால்நடையாகச் சென்றனர். தொழிலே அவர்களுக்குப் பயிற்சியாக அமைந்தது. அத்தொழில் மறைந்த இடத்தை ஏற்பாட்டால்தான் நிரப்ப வேண்டும்.

முதலாவதாக, கல்லூரித் திடலை பஜ்ருக்குப் பின் மாணவர்க்கும், மாலையில் பேராசிரியைகளின் மேற்பார்வையில் மாணவியர்க்குமெனத் தனித்தனி நேரம் வகுத்துத் திறந்துவிடலாம். இருவர் இருவராக நடைத்துணை அமைத்துக் கொண்டால், ஒருவர் சோம்பினும் மற்றவர் எழுப்புவார். வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாள் போதும். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' எனும் திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் விடுமுறை நாளில் செஞ்சிக்கே ஒரு மலையேற்றம் வகுக்கலாம். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டையின் இராஜகிரியில் ஏறினால் வரலாற்றுப் பாடமும் ஆகும், உடற்பயிற்சியும் ஆகும்.

இரண்டாவதாக, சிற்றுண்டிச் சாலையில் பஜ்ஜிக்கு அருகே சுண்டலும் மோரும் பழமும் கிடைக்கச் செய்யலாம். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இட்ட தேநீர் நான்கு குவளை பருகினால் ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை உட்செல்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நலம்.

மூன்றாவதாக, ஜமாஅத் பெரியோர் வலீமா விருந்துகளில் வற்புறுத்திப் பரிமாறும் வழக்கத்தைத் தளர்த்தலாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு எனப் பெருமானார் வகுத்த அளவைவிடச் சிறந்த உணவுத் திட்டம் யாது? போதும் என்பவரின் இலையில் மீண்டும் பிரியாணி இடுவது உபசாரம் ஆகாது.

இளைஞர்க்கும் ஒரு சொல். தைராய்டு முதலிய குறைகளாலும் எடை கூடலாம். முதலில் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக் கொள்க. விளம்பரப் பொடிகளையும் மருத்துவர் எழுதித் தராத ஊசிகளையும் நாடற்க. இருபது கிலோவைக் கனவு காண வேண்டாம். 72 கிலோ உடையவர் 5 கிலோ குறைத்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு. இந்த 7 விழுக்காட்டை இலக்காக வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், நீரிழிவு வரும் நிலையிலிருந்தோர்க்கு அந்நோய் வருவது 58 விழுக்காடு குறைந்ததாக 2002இல் கண்டனர். சிறிதாயினும் இடைவிடாது செய்யும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்பது நபிமொழியின் கருத்து. இன்றைய பத்து நிமிட நடை அத்தகையதே.

நான்காம் உறுப்பு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஆறு குறட்பாக்கள் உண்ணும் முறையையே பேசுகின்றன. அதன் இறுதிக் குறள் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். அந்த நான்காமவரைச் சேர்க்காமல் வள்ளுவர் மருத்துவத்தை முடிக்கவில்லை. நாமோ பருத்த இளைஞரைத் தனியே விட்டு, மற்ற மூன்றையும் அவரே தேடிக்கொள்ளட்டும் என்கிறோம்.

1714இல் தேசிங்குராஜன் பெரும்படையை எதிர்த்துச் சென்றபோது, தன் மணவிழாவையும் விட்டு ஓடிவந்து உடன் நின்றவன் 'மோவுத்துக்காரன்' எனும் இஸ்லாமிய நண்பன் என்று மக்கள் கதைப்பாடல் போற்றுகிறது. அவன் உயிரையே தந்தான். நம்மிடம் கேட்கப்படுவதோ காலையில் அரைமணி நேரம். மாணவர் ஒருவர் நாளை நடக்கத் தொடங்கினால், உடன் நடக்க மற்றொருவர் எழட்டும். உடல் நலத்துடன் கல்வி கற்று, சமுதாயத்திற்குப் பயன்படும் வாழ்வை நம் இளைஞர் அனைவர்க்கும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.