இரண்டு திறமை, ஒரே கை

ஜப்பானின் இவாதே மாகாணத்தில் 2019 ஜூலையில் நடந்த உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை. ஓஃபுனாதோ என்ற கடலோர ஊரின் பள்ளிக்காக ஆடிய 17 வயது ரோகி சசாகி, 21ஆம் தேதி ஆட்டத்தில் பன்னிரண்டு இன்னிங்ஸையும் ஒற்றை ஆளாக வீசி முடித்தார். 194 பந்துகள். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் வெற்றியைத் தந்த ஹோம் ரன்னையும் அவரே அடித்தார். 24ஆம் தேதி அரையிறுதியில் இன்னும் 129 பந்துகள். மறுநாளே இறுதி ஆட்டம். வென்றால், 1984க்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பள்ளி கோஷியென் மைதானத்தில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகும். ஊரே காத்திருந்தது. பயிற்சியாளர் யோஹெய் கொகுபோ சசாகியைப் பந்து வீசவும் விடவில்லை, மட்டை பிடிக்கவும் அனுப்பவில்லை. ஓஃபுனாதோ 12–2 என்று தோற்றது. பள்ளிக்குத் திட்டித் திட்டித் தொலைபேசி அழைப்புகள் வந்தன.

கொகுபோ செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படியொரு முடிவை 32 வயது ஆசிரியர் ஒருவரின் தலையில் கட்டிவிட்டு மற்ற எல்லோரும் வேடிக்கை பார்த்தது சரியல்ல. சசாகி மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய செய்தி அந்த ஏப்ரலிலேயே பரவிவிட்டது. பெரிய கிளப்புகள் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. அரையிறுதியையும் இறுதியையும் அடுத்தடுத்த நாளில் வைத்தது போட்டியை நடத்திய சங்கத்தின் அட்டவணை. ரசிகர்களுக்குக் கோஷியென் வேண்டும், பத்திரிகைகளுக்கு வேகத்தின் எண் வேண்டும். அந்தக் கை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கும் வேலை மட்டும் ஒருவருக்கு மிஞ்சியது.

கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டர் நமக்குப் பழகிப்போனவர். பேஸ்பாலில், தொழில்முறை ஆட்டத்தில், பேப் ரூத் 1919க்குப் பிறகு பந்து வீச்சை ஏறக்குறைய விட்டதிலிருந்து, இரண்டு வேலையையும் பிரித்தே வைத்திருந்தார்கள். ஜப்பானின் ஷோஹெய் ஓதானி பந்து வீச்சு, மட்டை இரண்டிலும் ஆடி அந்தச் சுவரை உடைத்தார். இப்போது ‘டூ-வே’ பிள்ளைகளை எல்லோரும் தேடுகிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளும் லிட்டில் லீக் சீருடையோடு மைதானத்தில் நிற்கிறார்கள். அதனால் இது தூரத்துக் கதையாகத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையைக் கிளப்புக்கு ஆள் தேடும் ஸ்கவுட் எப்படிப் பார்க்கிறார்? ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரேடார் கன்னைத் தூக்கிப் பிடிக்கிறார். ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை ஓர் எண். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. வேகப்பந்து, கர்வ், ஸ்லைடர், சேஞ்சப், நினைத்த இடத்தில் பந்தைப் போடும் கட்டுப்பாடு ஆகியவை ஒரு தாளில். மட்டையில் பந்து படும் நேர்த்தி, அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிகை இன்னொரு தாளில். வலது கை மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு 4.3 விநாடியில் முதல் பேஸைத் தொட்டால் ஓட்டத்துக்கு 50. எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு எண்கள் உண்டு: இன்று எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. இரண்டாவது எண்தான் ஸ்கவுட்டின் உண்மையான தொழில். தோளின் அகலம், இடுப்பு, கால் ஊன்றும் விதம், தாய் தந்தையின் உயரம்வரை பார்த்து, இந்த 17 வயது உடம்பு 24 வயதில் என்னவாகும் என்று ஊகிக்கிறார். மட்டை முதிர்வதற்கு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். பந்து வீச்சு அதைவிடச் சீக்கிரம் கைகூடலாம். ஒரே பையனுக்குள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன. இதைப் படித்தெடுப்பது பெரிய கலை, அதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் இந்த இரண்டு தாளிலும் ஒரு கட்டம் இல்லை: இந்தக் கை இந்த ஆண்டு மொத்தம் எத்தனை தடவை எறிந்திருக்கிறது?

ஃபுளோரிடாவில் உயர்நிலைப் பள்ளி பிட்சர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஆட்ட நாளில் அவர்கள் வீசிய பந்துகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. புல்பென்னில் தயாராகும்போது வீசியவை, ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடங்கும் முன் வீசியவை எல்லாம் காற்றோடு போயின. டூ-வே பிள்ளை அதோடு நிற்பதில்லை. ஐந்து இன்னிங்ஸ் வீசிவிட்டு ஷார்ட்ஸ்டாப் இடத்துக்குப் போகிறான், அங்கிருந்து முதல் பேஸுக்கு முழு பலத்தோடு எறிகிறான். கேட்சராக உட்கார்ந்தால் இன்னும் மோசம். ஓர் ஆட்டத்தில் 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவர் அன்று கேட்சராக ஆடக்கூடாது என்று லிட்டில் லீக் விதி வைத்திருக்கிறது. பெரிய பிள்ளைகள் ஆடும் வார இறுதிப் போட்டிகளில் அதைக் கேட்பார் யார்?

பள்ளி ஒரு கணக்கு வைக்கிறது. 2017 முதல் தேசியப் பள்ளிக் கூட்டமைப்பின் விதிகளைப் பின்பற்றும் அமெரிக்க மாநிலச் சங்கங்களுக்குப் பந்து எண்ணிக்கை வரம்பு கட்டாயம். பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீமுக்கு அந்த வரம்பு கிடையாது, அதற்கென்று தனிப் பயிற்சியாளர், தனி அட்டவணை. இவற்றுக்கு நடுவே ஸ்கவுட்டுகள் முன் ஆடிக் காட்டப் பணம் கட்டிப் போகும் ஷோகேஸ், அதற்குத் தயாராகத் தனியார் பயிற்சிக் கூடம். நான்கு பேரும் தங்கள் பங்குக்கு நிதானமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். நான்கையும் கூட்டிப் பார்ப்பவர் இல்லை.

கூட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதை அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2006லேயே எழுதிவிட்டார்கள். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டிகளில் வீசும் வளரிளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு. ஆட்டத்துக்குச் சராசரியாக 80 பந்துக்கு மேல் வீசினால் நான்கு மடங்கு. கை களைத்த பிறகும் வாடிக்கையாக வீசியவர்களுக்கு 36 மடங்கு. அந்தக் கடைசி எண்ணைப் பெற்றோர்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். “கை வலிக்குதுப்பா” என்று பிள்ளை சொல்லும்போது, அது எந்த ரேடார் கன்னும் சொல்லாத தகவல்.

பெரியவர்களின் ஆட்டத்தில் விளைவு தெரிகிறது. முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை மேஜர், மைனர் லீக்குகளில் 2010இல் 104 பேருக்கு நடந்தது. 2020இல் அந்த எண்ணிக்கை முன்னூறைத் தாண்டியது. மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, எப்போதும் உச்ச வேகம் என்ற போக்கைச் சுட்டிக்காட்டியது, அந்தப் போக்கு சிறுவர்களிடமே தொடங்குகிறது என்றும் சொன்னது.

எந்த வழி என்று முடிவு செய்வதிலும் அவசரம் வேண்டாம். கிளப்புகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2017இல் இரண்டாவதாகத் தேர்வான ஹன்டர் கிரீன் உயர்நிலைப் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப்பாகவும் மின்னியவர். சின்சினாட்டி கிளப் கொஞ்ச நாள் மட்டையும் கொடுத்துப் பார்த்து, பிறகு பந்து வீச்சோடு நிறுத்தியது. 2019இல் அவருக்கு டாமி ஜான் சிகிச்சை நடந்தது. அதே டிராஃப்டில் நான்காவதாக வந்த பிரெண்டன் மெக்கேயை டாம்பா பே இரண்டிலும் வளர்க்க முயன்றது, தோளும் முழங்கையும் அவரை அடுத்தடுத்து அறுவை மேசைக்கு அனுப்பின. ஒருவரை ஒரே வழியில் திருப்பினார்கள், மற்றவரைத் திருப்பவில்லை, இருவருக்குமே காயம். மறுபக்கம் ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்து, தாமதமாகப் பந்தைக் கையிலெடுத்து, 2018லும் 2019லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். பதினைந்து வயதில் கதவைச் சாத்துவதால் யாருக்கும் லாபமில்லை.

பொறுப்பைப் பங்கிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓதானியின் வளர்ப்பைப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில் இடுப்பில் காயம் என்றதும் ஹனமாகி ஹிகாஷி பள்ளி அவருடைய பந்து வீச்சை நிறுத்தி மட்டையோடு ஆடவிட்டது. 2012இல் அவர் நேராக அமெரிக்கா போகிறேன் என்று அறிவித்த பிறகும் நிப்பான் ஹாம் ஃபைட்டர்ஸ் கிளப் அவரைத் தேர்ந்தெடுத்தது. வாதாடிப் பார்க்கவில்லை. இளம் வயதில் வெளிநாடு போன வீரர்களின் கதி என்ன ஆனது என்று ஆராய்ந்து எழுதிய ஒரு கோப்பை அவர் குடும்பத்தின் முன் வைத்தது. இரண்டு வேலையையும் செய்யலாம் என்ற யோசனையையும் சேர்த்து வைத்தது. மேலாளர் ஹிதெகி குரியாமா அதற்கேற்ப வாரத்தைத் திட்டமிட்டார். 2014இல் 11 வெற்றி, 10 ஹோம் ரன். 2016இல் ஜப்பான் சாம்பியன் பட்டம். இவ்வளவு கவனிப்பு கிடைத்த அந்தக் கைக்கே 2018லும் 2023லும் முழங்கையில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கவனிப்பே இல்லாத கையை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் போட்டால் போதும் என்பவர்கள் ஜப்பானின் நிகாதா மாகாணத்தில் நடந்ததைப் பார்க்கட்டும். ஓர் ஆட்டத்தில் ஒருவர் 100 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று அந்த மாகாணச் சங்கம் 2018 டிசம்பரில் தனியாக முடிவெடுத்தது. தேசியக் கூட்டமைப்பு மறுபரிசீலனை கேட்டது, திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், 2020 முதல் வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு வந்தது. என் கணக்கில் அது மிகத் தாராளமான வரம்பு. இருந்தாலும் எல்லோரும் ஒப்புக்கொண்ட முதல் எண் அது. ஒரு மாகாணம் தனியாக நின்று பெற முடியாததைப் பல தரப்பு கூடிப் பெற்றது.

அமெரிக்காவில் எண்களுக்குப் பஞ்சமில்லை. 2014இல் வந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்து, 17, 18 வயதுக்கு 105 என்று சொல்கிறது. ஆண்டில் நான்கு மாதமாவது பந்து வீச்சுக்கு விடுப்பு கொடுக்கச் சொல்கிறது. இல்லாதது பிள்ளையோடு கூடவே போகும் ஒரு நோட்டு. பள்ளி, டிராவல் டீம், ஷோகேஸ், பயிற்சிக் கூடம் எங்கே எறிந்தாலும் அதில் ஏறட்டும். பெற்றோர் எழுதட்டும், பயிற்சியாளர் அதைப் பார்க்காமல் பந்தைக் கையில் கொடுக்க வேண்டாம். ஷோகேஸ் நடத்துவோர் நுழைவுக் கட்டணத்தோடு அந்த நோட்டையும் கேட்கட்டும். ஸ்கவுட் தன் இரண்டு தாளுக்கும் நடுவில் அந்த மொத்தத்தை ஒரு வரியாக எழுதட்டும். அவரை அனுப்பும் கிளப், கோடிகள் கொடுக்கும் முன் அந்த வரியைக் கேட்கட்டும். களைப்பு என்று பிள்ளை சொன்னால் அதுவும் அதே பக்கத்தில் ஏறட்டும். யாருக்கும் இது பெரிய செலவில்லை, ஆனால் ஒருவர் விட்டாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

நான்கு மாதம் வீசாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவான் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். டூ-வே பிள்ளைக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். கை ஓய்வெடுக்கும்போது மட்டைப் பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் தடையில்லை. இரண்டாவது அறுவைக்குப் பிறகு ஓதானி 2024 ஆட்டப் பருவம் முழுக்க ஓர் ஆட்டத்திலும் வீசவில்லை. 54 ஹோம் ரன் அடித்தார், 59 பேஸ் திருடினார். 2025 ஜூனில்தான் மறுபடியும் பந்து வீச வந்தார். குளிர்காலத்தில் வந்து நிற்கும் ஸ்கவுட்டுக்கு மட்டையைக் காட்டலாம், கையைப் பார்க்க மார்ச்சில் வரச் சொல்லலாம்.