தாய்வழி விவரத்தையும் எழுதி வைக்க வேண்டும்

வாரிசுச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகம் வரும் விவசாயியிடம் பாட்டனார் பெயரைக் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார். முப்பாட்டனார் பெயரும் பலருக்குத் தெரியும். பாட்டியின் பெயரைக் கேட்டால் சற்று யோசிப்பார். பாட்டி பிறந்த ஊர் எது, அவருடைய தகப்பனார் யார், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாலோ, "பெரியவர்கள் இருந்தால் சொல்லுவார்கள்" என்பதுதான் பதிலாக வரும். அந்தப் பெரியவர்கள் காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

இதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்ல முடியாது. கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணைப் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. இன்னார் சம்சாரம், இன்னார் தாயார், இந்த ஊர்க்காரி என்பதோடு சரி. கல்யாணத்துக்கு முன்பு தகப்பனார் இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல் என்று மாறுவதால், ஒரே பெண் இரண்டு பத்திரங்களில் இரண்டு பெண்களாகத் தெரிகிறாள். 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலின்போது சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் எழுதிக்கொடுத்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் வழக்கம் நமக்கும் அந்நியமானது அல்ல.

பழைய கதையைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள், தமிழ்நாட்டு விவசாயக் குடும்பம் ஒன்றின் வழக்கைக் கவனிக்க வேண்டும். 1938-ல் ஒருவர் கோர்ட் ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருக்கு ஒரே மகள். அந்த அம்மாள் பிள்ளையில்லாமல் 1967-ல் காலமானார். தகப்பனாருடைய சகோதரரின் பெண்மக்களில் ஒருவர், அந்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தமக்கு உண்டு என்று 1991-ல் வழக்குப் போட்டார். நிலம் வாங்கியவர் இறந்தது 1949-லா, 1957-லா என்பதே பெரிய வாதமாயிற்று. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டதால், அந்த எட்டு வருஷ வித்தியாசத்துக்கு அவ்வளவு மதிப்பு. கீழ்க்கோர்ட்டு 1949 என்று கொண்டு, சகோதரர் மகனுக்கே எல்லாம் என்றது. உயர்நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. கடைசியாக 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்து 1956-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குத்தான் சேரும் என்று தீர்ப்புச் சொல்லி, வழக்குப் போட்ட பெண்ணின் பங்கை ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடங்கி முப்பது வருஷம் கடந்திருந்தது.

நிலம் அந்த அம்மாளுக்கு எந்த வழியில் வந்தது என்ற கேள்விதான் இங்கே முடிவைத் தீர்மானித்தது. பிள்ளையும் பேரப்பிள்ளையும் இல்லாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்ததென்றால் தகப்பனாரின் வாரிசுகளுக்குத் திரும்பும். கணவர் அல்லது மாமனாரிடமிருந்து வாரிசாக வந்ததென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். ஆகவே பெண்ணின் பிறந்த வீட்டு விவரம் தெரியாத குடும்பம் இந்த இடத்தில் தடுமாறத்தான் செய்யும். (மற்ற மதத்தினருக்கு வாரிசுச் சட்டம் வேறு.)

இதையெல்லாம் கிளறினால் அக்கா தங்கைகள் பங்கு கேட்க வந்துவிடுவார்கள் என்ற பயம் பல வீடுகளில் உண்டு. வெளியே சொல்லாவிட்டாலும் உண்மைக் காரணம் அதுதான். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே, அதுவரை கல்யாணமாகாத பெண்களுக்கு வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் கல்யாணமான பெண்களுக்கும் அதைக் கொடுத்தது. ஏட்டை மூடி வைப்பதால் உரிமை போய்விடாது, வழக்குத்தான் நீளும். அன்றியும், தங்கைக்குப் பயந்து விவரத்தை மறைப்பவரே, தம் தாயாருக்குப் பிறந்த வீட்டில் வரவேண்டிய பங்கு என்னவாயிற்று என்று தெரியாமல் நிற்கிறார். இது நியாயமும் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல.

விவரம் எங்கே கிடைக்கும்? பட்டாவில் தேடிப் பயன் குறைவு. பெரும்பாலும் ஆண்கள் பெயரே இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தையும், அதைவிட விடுதலைப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். தன் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒரு பெண் கைநாட்டு வைக்கும்போதுதான் அவளுடைய பெயர், தகப்பனார் பெயர், கணவர் பெயர், ஊர் எல்லாம் ஒரே இடத்தில் முழுமையாக எழுதப்படுகின்றன. உரிமையை விட்ட பத்திரமே அவள் இன்னார் என்பதற்கு நல்ல சாட்சியாக நிற்பது விசித்திரம்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துப் பத்திர நகல் வாங்கலாம். வீட்டிலேயே இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் மொய் நோட்டுகளும் இன்னொரு வழி. தாய்மாமன் முறையில் யார் மொய் எழுதினார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று நோட்டில் இருந்தால், பாட்டியின் பிறந்த வீட்டை அதிலிருந்து பிடித்துவிடலாம்.

இவற்றைவிட முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் உள்ள வயதான அம்மாளிடம் உட்கார்ந்து கேட்பது. அறுவடை முடிந்து ஓய்வாக இருக்கும் நாள் இதற்கு ஏற்றது. வருஷம் கேட்டால் அவருக்குச் சொல்ல வராமல் போகலாம். தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு முன்பா பின்பா, நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலின்போது கைக்குழந்தை யார் என்று கேட்டால் சொல்லுவார். முன்னது 1964 டிசம்பர், பின்னது 1977 நவம்பர் என்று நாம் எழுதிக்கொள்ளலாம். ஊர்ப் பெயரோடு அந்நாளைய தாலுகாவையும் ஜில்லாவையும் குறித்துக்கொள்வது அவசியம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஊர் 2019 வரை விழுப்புரம் மாவட்டம், 1993 வரை தென்னாற்காடு; பழைய பத்திரத்தில் தென்னாற்காடு என்றுதான் இருக்கும்.