கண்ணுக்குக் கீழே ஒரு ஊசி

அக்கா பொண்ணு இங்கே பெங்களூரில்தான் வேலை பார்க்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தாள். தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, ராத்திரி பூரா அழுதியா?"

அழவில்லை. கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போட்டிருக்கிறாள். கருவளையம் போய்விடும், பத்து நிமிஷ வேலை, கல்யாணப் பேக்கேஜில் தள்ளுபடி என்று ஒரு பார்லரில் சொன்னார்களாம். கருவளையம் அப்படியே இருக்க, அதன் மேல் வீக்கமும் லேசான நீலமும் புதுசாக வந்து உட்கார்ந்திருந்தது. பார்லரில் கேட்டால் "போகப் போகச் சரியாயிடும்".

மறுநாள் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, "என்ன மருந்து போட்டாங்க?" அவளுக்குத் தெரியாது. பார்லருக்குப் போன் போட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை! எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். நாலாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு வாரண்டி கார்டு கேட்கிறோம். கண்ணுக்கு அரை அங்குலம் கீழே ஏற்றுவதற்குப் பெயர்கூட இல்லை.

டாக்டர் சொன்னதையும் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரும்பாலும் போடுவது ஹையலுரானிக் அமிலம் என்கிற ஜெல். நம் உடம்பிலேயே இருக்கும் பொருள்தான். ஆனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் வீக்கம். சில பேருக்கு மாதக்கணக்கு கழித்தும் வரும். கண்ணுக்குக் கீழே தோல் ரொம்ப மெல்லிசு, ஜெல் மேலாக நின்றுவிட்டால் வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரியும். கட்டி கட்டியாகவும் நிற்கலாம். இதெல்லாம் சரிசெய்யக் கூடியது. அபூர்வமாக ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஊசி போட்ட உடனே கடும் வலி, தோல் வெளுப்பது, பார்வை மங்குவது என்று எது வந்தாலும் நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கண்ணடிப் பள்ளத்துக்கென்று ஒரு ஃபில்லரை முதல்முதலாக அனுமதித்ததே 2022-ல்தான், அதுவும் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. உதட்டுக்கும் கன்னத்துக்கும் அதற்குப் பல வருஷம் முன்பே கொடுத்தாயிற்று. கண்ணடி அவ்வளவு வம்பு பிடித்த இடம்.

இதைவிடக் கொடுமை, இவளுக்கு அந்த ஊசியே தேவையில்லை. டாக்டர் கையில் கண்ணாடி கொடுத்து முகத்தை ஜன்னல் பக்கம் நிமிர்த்தச் சொன்னார். பள்ளத்தால் விழும் நிழல் என்றால் வெளிச்சம் நேராகப் பட்டதும் குறையும். இவளுக்குக் குறையவில்லை. தோலின் நிறமே அது. அவள் அம்மாவுக்கும், எங்கள் அம்மாவுக்கும் உண்டு. நம்மில் நிறைய பேருக்கு இப்படித்தான். பள்ளத்தை நிரப்பும் ஜெல் நிறத்தை மாற்றாது.

ஃபில்லரே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல டாக்டர் கையில், தேவைப்பட்டவர்களுக்குப் பலன் தருகிறது. ஆனால் ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் பிள்ளைகள், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், ஆஃபர் பார்த்துப் போகிறார்கள். போவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கட்டும்:

1. ஊசி போடப்போவது யார்? தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்த டாக்டரா?

2. மருந்தின் பெயர் என்ன? டப்பாவில் இருக்கும் பேட்ச் எண் ஸ்டிக்கரை எனக்குத் தருவீர்களா?

3. ஜெல்லைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் இப்போது இங்கே இருக்கிறதா?

மூன்றாவதற்கு "அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். அட்வான்ஸ் போனால் போகட்டும்.

இவளுக்கு அந்தக் கரைக்கும் ஊசிதான் போட்டார்கள். அதற்கும் அலர்ஜி வரலாம் என்பதால் போட்டபின் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. நல்லவேளை, ஏற்றியது கரையக்கூடிய ஜெல்லாக இருந்தது. கரையாத வகைகளும் உண்டு.

நிச்சயதார்த்தத்தில் கருவளையத்தோடுதான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காபியில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னார்கள்.

டிஸ்கி: அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதீங்க மாமா, அம்மாவுக்குத் தெரியாது" என்றாள்.